கோல்கீப்பர் இடம் காலி இல்லை

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மைத்துனருக்கு,

தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரியாகவும், என் மனைவிக்கு ஒரே தம்பியாகவும், என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் தேனொழுகப் பேசுகிறவராகவும் விளங்கும் தங்களுக்கு அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காவும் எங்கள் மகளும் நானும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டம்மாவும் உன் ரத்த அழுத்தமும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதையெல்லாம் இத்தோடு தீர்ந்தது. இனிமேல் விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவானேன் என்று கேட்பாய். போனில் நீ "ஒண்ணாவது விஷயம்" என்று ஆரம்பித்தால் ஏழாவது விஷயம் வரைக்கும் மூச்சு விடுவதில்லை. நான் மூன்றாவதுக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீ ஆறாவதில் இருக்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். போன வாரம் நீ சொன்னதில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான். உன் வீட்டுப் பக்கத்தில் ஞாபகமறதிக்காரர்களுக்கென்றே ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, தோட்டத்தைப் பார்த்த அறை ஒன்று காலியாகிறது, காரை எடுத்துக்கொண்டு வந்து அக்காவைக் கூட்டிப்போகிறாய் என்பது ஒன்று. "அத்தான், அக்கா இப்படி இருக்கும்போது இந்த வயசுல உங்களுக்கு ஹாக்கி கேக்குதா?" என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில், வேண்டாம். இரண்டாவதற்கு என் பதில்தான் இந்தக் கடிதம் முழுவதும். பொறுமையாகப் படி. உன் அலுவலகத்தில் எவ்வளவோ உப்புச்சப்பில்லாத காகிதங்களைப் படிக்கிறாய்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடும் இந்த ஹாக்கியை நீ ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை. காலணிக்கு அடியில் ஒரே வரிசையில் நாலு சக்கரம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் ஒருவன் கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாக உள்ளங்கை அகல வட்டு ஒன்று. பழைய ஊரில் எங்கள் குழு சிமெண்டுத் தரையில் ஆடியது. குழுவில் யாரும் பெரிய வீரர்கள் இல்லை. வாரம் முழுக்கக் கடையிலும் பட்டறையிலும் உழைத்த பிறகு, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிவிட்டுக் கைகொடுத்துப் பிரியும் நடுத்தர வயதுக்காரர்கள். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த காலம் முழுவதும் நான்தான் அங்கே கோல்கீப்பர். நன்றாக ஆடுவேன் என்பதனால் இல்லை. வேகமாக ஓடத் தெரியாதவனை எங்கேயாவது நிறுத்த வேண்டுமே. முகம் மூடிய மாஸ்க், முழங்கால் முதல் பாதம் வரை பேடு, மார்பில் கவசம். எல்லாம் மாட்டி முடித்தால் பீரோவுக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பேன் என்று உன் அக்கா சொல்வாள்.

அவள் எல்லா ஆட்டத்துக்கும் வருவாள். ரயில் நிலையத்தில் வாழ்நாள் முழுக்க வண்டி அறிவிப்பு சொன்ன குரல் அல்லவா, மைக் இல்லாமலே களத்தின் மறுகோடிக்குக் கேட்கும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிராளி வட்டை ஓங்கி அடிக்க வரும்போது கால்கள் தானாக அகன்றுவிடும். வட்டு நடுவில் புகுந்து போய்விடும். "காலைச் சேத்து வைங்க!" என்று அவள் கத்துவாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கத்துவாள். எதிரணிக்காரர்கள்கூட அவள் கத்தியதும் என் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் அடிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் துண்டை எடுத்து வந்து என் பிடரியைத் துடைத்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்காததற்கு வீடு வரும் வரை திட்டுவாள். அவ்வளவுதான் எங்கள் கேளிக்கை.

இப்போது நீ அறியாத செய்தியைச் சொல்கிறேன். உன்னிடம் சொல்லக் கூடாதென்று இல்லை, சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு மறதி முற்றிய பிறகு, முதலில் பக்கத்து வீட்டுக்காரர்களை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், ஒரு நாள் காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்த என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாருங்க? என் வீட்டுக்காரர் வர்ற நேரம், வெளியில உக்காருங்க" என்றாள். நான் வெளியில் போய் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? ஆனால் அந்த வாரம் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன் பார், நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கோலில் நின்றதும் பெஞ்சிலிருந்து எழுந்து, "காலைச் சேத்து வைங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கு மட்டும் என்னைக் கடந்து எத்தனை வட்டு உள்ளே போயிற்றென்று தெரியாது, கண்ணீர் மறைத்தால் எதைப் பார்ப்பது? மாஸ்க்குக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. முகத்தோடு இருந்தால் நான் யாரோ. முகத்தை மூடிக்கொண்டால் அவள் புருஷன். இந்த வயதில் இப்படி ஒரு வாழ்க்கை எனக்கு.

ஆக, ஹாக்கி எனக்குக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் என் பெண்டாட்டிக்கு என்னைத் தெரிகிறது. அது எனக்கு வேண்டும்.

இந்த ஊருக்கு வந்தது உனக்குத் தெரிந்ததுதான். மகள் இங்கே இருக்கிறாள், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, தனியாக என்னால் சமாளிக்க முடியவில்லை. சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்தன, ஆடுகளம் மட்டும் வரவில்லை. வந்த முதல் வாரமே அவள் மாத்திரை சாப்பிட மறுத்தாள். முன்பின் தெரியாத ஆளிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாதென்று நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே படித்ததுதானே, அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் உள்ளே போய் மாஸ்க், பேடு, சக்கரம் எல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன். "வந்துட்டீங்களா?" என்று வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து காலை, மதியம், இரவு மூன்று வேளையும் நான் கோல்கீப்பர்தான். கீழ் வீட்டில் இருப்பவர் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பு செய்பவர், வீட்டிலேயே வேலை. தலைக்கு மேல் சக்கரம் உருள்கிற சத்தம் தாங்காமல் சண்டை போடத்தான் ஏறி வந்தார் பாவம். கதவைத் திறந்தால் மாஸ்க் போட்ட பீரோ ஒன்று, ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக நிற்கிறது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தம்…" என்று ஆரம்பித்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார், உன் அக்கா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்க, சும்மா பழகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வாசலில் சுருட்டி வைத்த கம்பளம் ஒன்று கிடந்தது. இப்போது கூடத்தில் அதைத்தான் விரித்திருக்கிறோம். சத்தமே இல்லை, சக்கரமும் ஓடுவதில்லை.

ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. ஒரு நாள் மாஸ்க்கோடு போய் நின்றவனை ஏற இறங்கப் பார்த்து, "ஆட்டமே இல்லாத எடத்துல எதுக்குங்க இதை மாட்டிட்டு நிக்கிறீங்க? யார் நீங்க?" என்றாள். கேள்வி நியாயமானது. கோல்கீப்பர் என்றால் கோல் வேண்டும், அடிக்க ஆள் வேண்டும், அவள் உட்கார்ந்து திட்ட ஒரு பெஞ்சு வேண்டும். அன்றைக்குத்தான் மகளைக் கூப்பிட்டு, இந்த ஊரில் எங்கேயாவது, எந்த மூலையிலாவது, என்னைப் போன்ற கிழடுகளைச் சேர்த்துக்கொள்கிற ஹாக்கி லீக் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன்.

மகள் முதலில் கண்டுபிடித்த இடத்துக்குப் பேருந்தில் மூட்டையோடு போனோம். பெரிய கூடம், மேலே வண்ண விளக்கு, எல்லோர் காலிலும் சக்கரம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அறைக்குள் போய் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், கோலைக் காணோம், மட்டையைக் காணோம், பாட்டு ஓடுகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கான சக்கர நடன வகுப்பாம். விசாரிக்காமல் கொள்ளாமல் வந்தது என் தப்புதான். பயிற்சி கொடுக்கும் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், விழுந்தா அடிபடாது, நல்ல யோசனை" என்று கையைப் பிடித்து வட்டத்தில் இழுத்துவிட்டார். கூடத்தை மூன்று சுற்று சுற்றினேன். உன் அக்கா ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். யாரும் என் மேல் எதையும் அடிக்கவில்லை என்பதால் அவளுக்குச் சுவாரசியம் இல்லை. "இந்த ஆளுக்கு இடுப்பே வளையல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாளாம். அங்கேயும் நான் இந்த ஆள்தான்.

இரண்டாவதுதான் உன் காதுக்கு வந்த கதை. மேம்பாலத்துக்கு அடியில் மாலை நேர லீக். நிஜமான ஹாக்கி, நிஜமான கோல், கோல்கீப்பர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை என் கல்யாணத்தில்கூட உங்கள் வீட்டார் முகத்தில் நான் பார்க்கவில்லை. பார்வையாளர்களுக்கு இருக்கை கிடையாது. மடக்கு நாற்காலி ஒன்றைக் கோலுக்குப் பின்னால் போட்டு அவளை உட்காரவைத்தேன், மகள் பக்கத்தில் நின்றாள். ஆட்டம் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து, "காலைச் சேத்து வைங்க!" சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வலது பக்கம் தடுத்தேன், இடது பக்கம் தடுத்தேன், ஒரு வட்டை நெஞ்சில் வாங்கினேன். பிறகு கொஞ்ச நேரம் பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. மகளுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்திருக்கிறது, முதுகைத் திருப்பிப் பேசியிருக்கிறாள், அந்த இடைவெளியில் உன் அக்கா எழுந்து நடந்துவிட்டாள். மகளைத் திட்டாதே. அவள் அன்றைக்கு அழுத அழுகை போதும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்தான் ஓடவில்லையே தவிர சக்கரம் ஓடியது. கோலை அப்படியே விட்டுவிட்டு, மட்டையும் கையுமாக, மாஸ்க்கோடு சாலையில் இறங்கிவிட்டேன். பின்னால் எதிரணி காலி கோலில் கோலாகப் போட்டுத் தள்ளுகிற சத்தம் கேட்டது. போடட்டும். சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"யோவ், எங்க போறீங்க இப்படி?"

"என் சம்சாரத்தக் காணோம் சார்."

"முதல்ல அந்த முகமூடியக் கழட்டுங்க."

"கழட்டினா அவளுக்கு என்னைத் தெரியாது சார்."

 அவர் விசிலை ஊதி நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, நான் நடுச்சாலையில் தத்தித் தத்தி மறுபக்கம் போய்ச் சேர்ந்தேன். அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, மழை காரணமாக வண்டி தாமதமாக வரும் என்று அவள் அறிவித்துக்கொண்டிருக்க, ஒரு துளி மழை இல்லாத வானத்தின் கீழே எட்டுப் பத்துப் பேர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து வீட்டுக்கே நடக்கத் தொடங்கிவிட்டார், அவ்வளவு நம்பகமான குரல். என்னைப் பார்த்ததும் அறிவிப்பை நிறுத்தி, "ஆட்டம் முடிஞ்சுதா? இன்னிக்காவது காலைச் சேத்து வெச்சீங்களா?" என்றாள். வெச்சேன் என்றேன். சாலையோரத்தில் அவள் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பேடு கட்டிய காலோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மேம்பாலத்து லீக்கிலிருந்து அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இது நடந்த பிறகுதான் மகள் பயந்துபோய் உன்னிடம் சொல்ல, நீ ஏழு காரணங்களோடு போன் செய்தாய். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

மூன்றாவது இடம் கிடைத்துவிட்டது. பழைய கிடங்கு ஒன்றை ஆடுகளமாக மாற்றியிருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆட்டம். படிப்படியாக இருக்கைகள், வெளியே போக ஒரே கதவு, அந்தக் கதவில் ஆள். நான் முதலில் பார்த்தது கதவைத்தான். லீக்கின் செயலாளர் ஒரு பல் டாக்டர். புதிதாக வருகிறவர்களை ஓடவிட்டு, நிற்கவிட்டு, பின்பக்கமாகப் போகவிட்டு, திறமைக்கு ஏற்றபடி எந்தக் குழு என்று பிரித்துப்போடுவார். சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"எந்த இடத்துல ஆடுவீங்க?"

"கோல்கீப்பர்."

"கோல்கீப்பர் இடம் காலி இல்லையே சார். எல்லாக் குழுவுலயும் ஆள் இருக்கு. கோலை விட்டு வெளிய ஆடறீங்களா?"

உலகமெங்கும் கோல்கீப்பருக்குப் பஞ்சம் என்பார்கள். இங்கே மட்டும் கூட்டம். சரி, உள்ளே நுழைந்தால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டினேன். ஓடச் சொன்னார். ஓடினேன். நிற்கச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. சிமெண்டுத் தரையில் ஓடுவதற்கான கெட்டிச் சக்கரம் என்னுடையது. இங்கே வழவழவென்று பிளாஸ்டிக் ஓடு பதித்த தரை. இதற்கு ரப்பர் போல மெத்தென்ற சக்கரம் போட வேண்டுமாம், எனக்கு யார் சொன்னார்கள்? நான் நின்றுவிட்டேன், சக்கரம் நிற்கவில்லை. செயலாளரைத் தாண்டி, தண்ணீர்க் குடுவைகளைத் தாண்டி, சுவரில் போய் முட்டித்தான் ஓய்ந்தேன். கடைசிக் குழுவில் சேர்த்தார்கள். அதற்குக் கீழே குழு இல்லை என்பதால் அதில்.

போன ஞாயிறு முதல் ஆட்டம். கடன் வாங்கிய சக்கரத்தோடு நான் களத்தில் தடுமாறிக்கொண்டிருந்தேன். எங்கள் கோலில் நின்றது ஒரு பெண், வயது முப்பதுக்குள், கண்ணாடி வெட்டும் தொழில். வெள்ளை மாஸ்க் போட்டு, கவசமெல்லாம் கட்டிவிட்டால் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரிகிறது? எதிரணிக்காரன் ஒருவன் தனியாக வட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். மேலேயிருந்து குரல் வந்தது.

"காலைச் சேத்து வைங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சட்டென்று என் காலைச் சேர்த்தேன், அதனால் விழுந்தேன். ஆனால் குரல் எனக்கு இல்லை. கண்ணாடிக்காரப் பெண்ணும் சேர்த்தாள். வட்டு அவள் பேடில் பட்டுத் தெறித்தது. உன் அக்கா எழுந்து நின்று கை தட்டுகிறாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் துண்டோடு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள், விட்டேன். நேரே கோலுக்குப் போய் அந்தப் பெண்ணின் பிடரியைத் துடைத்துவிட்டு, "நான் கத்தலன்னா இன்னிக்கு அம்பேல்தான். எத்தன வருஷமா சொல்றேன், கேக்கறீங்களா?" என்று திட்டினாள். அந்தப் பெண் மாஸ்க்கைக் கழற்றக் கையை மேலே கொண்டுபோனவள், என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, கையை இறக்கிவிட்டாள். வாயைத் திறந்து பேசவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, உன் அக்கா துடைத்து முடிக்கும் வரை குனிந்தே நின்றாள். பிறகு மகள் உன் அக்காவைக் கூட்டிப்போனதும், அந்தப் பெண் மாஸ்க்கை எடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், அடுத்த வாரம் நீங்க கோல்ல நில்லுங்க. நான் வெளிய ஆடிக்கறேன்."

"செயலாளர் ஒத்துக்க மாட்டாரே?"

"அவர் கிளினிக்குக்குக் கண்ணாடி போட்டதே நான்தான். ஒத்துக்குவார்."

ஒத்துக்கொண்டார். ஆக மச்சான், விஷயம் சுபம். வரும் ஞாயிறு முதல் நான் கோல்கீப்பர். என் மாஸ்க்கைத் துடைத்து வைத்துவிட்டேன். உன் அக்காவுக்கு என்னைத் தெரியும், வாரத்துக்கு ஒரு முறையாவது தெரியும். தெரிந்த மனிதரை விட்டுவிட்டுத் தெரியாத ஊரில், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? இதற்கு உன்னிடம் எட்டாவது காரணம் இருந்தால் எழுது. இல்லையென்றால் காரைத் திரும்பக் கொட்டகையிலேயே நிறுத்து. இல்லத்துக்காரர்களிடம் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். அவள் புருஷன் கோலில் நிற்கிறான், பேச்சு முடிந்தது.

உன் வீட்டம்மாவுக்கு என் அன்பு. உப்பைக் குறை, கோபத்தைக் குறை, காரணங்களைக் குறை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பெயரை ஒருவர் மறக்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
எப்போதும் உன்னிடம் திட்டு வாங்கும்
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. ஞாயிறு ஆட்டம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். மேலே நான் அடித்துச் சொன்னது எதுவும் நடக்கவில்லை.

கோலில் நின்றேன். என் கறுப்பு மாஸ்க்தான், என் பேடுதான். எதிரணிக்காரர்கள் வந்தார்கள், அடித்தார்கள். மேலேயிருந்து சத்தம் வரவில்லை. வேண்டுமென்றே காலை அகட்டி நின்றுகூடப் பார்த்தேன், கோல் விழுந்ததுதான் மிச்சம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. களம் முழுக்கக் கண்ணால் துழாவிவிட்டு மகளிடம், "அவர் இன்னிக்கு வரலையா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாளாம். இந்தக் களத்தில் அவளுக்குத் தெரிந்த புருஷன் வெள்ளை மாஸ்க்குக்காரர். இடைவேளைக்குள் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது என்று மகள் ஓடிவந்து சொன்னாள். நான் கண்ணாடிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீயே நில்லும்மா" என்றேன். அவள் மாட்டேன் என்று அழுதாள். நில்லு என்றேன். அவள் வெள்ளை மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கோலுக்குப் போனாள். மேலே இருந்து குரல் வந்தது.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, காலுறையோடு படியேறி அவள் இருந்த வரிசைக்குப் போனேன். மகளிடம் டீ வாங்கி வரச் சொன்னேன். உன் அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. யாரைப் பாக்க வந்தீங்க?"

"வீட்டுக்காரியை" என்றேன்.

"அங்க கோல்ல நிக்கிறார் பாருங்க, அவர் என் வீட்டுக்காரர். ஆட்டம் சுமாராத்தான் வரும். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் பேசிக்கொண்டே போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என் முகத்துக்கு நேராகச் சொல்லாததையெல்லாம், யாரோ ஒரு ஆள் என்று நினைத்து என்னிடம் சொன்னாள். ஆட்டத்தில் தோற்றாலும் வீட்டில் வந்து எரிந்து விழமாட்டாராம். அவள் இரவு வேலை முடிந்து வரும் வரை தூங்காமல் இருந்துவிட்டு, சாவி சத்தம் கேட்டதும் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வாராம். அது அவளுக்குத் தெரியும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் மச்சான்.

"ஸ்டேஷன் லிஃப்ட்டுல ஒரு நாள் நான் மாட்டிக்கிட்டேங்க. கல்யாணத்துக்கு முன்னாடி. ஒரே இருட்டு. வெளிய இருந்து ஒரு குரல். 'பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன், கதவு தெறக்கற வரைக்கும் போகமாட்டேன்'னு. முகம் கூடத் தெரியாது. அந்தக் குரலத்தான் கட்டிக்கிட்டேன்."

 நான் அவள் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அவள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். 

"நீங்களும் லிஃப்ட் கம்பெனியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவளுக்கு என்னைத் தெரியும், அதனால் என்னோடு இருக்கட்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாது. என்னோடேயே இருக்கட்டும்.